கால் கழற்றிய மேசை

வீட்டுச் சாமான் பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும், ஆலைத் தொழிலாளி வாங்கும் விலையிலும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் சுவீடனில் முதலில் ஓர் எழுத்தாளரின் வாதமாகத்தான் கிளம்பியது. எல்லன் கேய் 1899-இல் வெளியிட்ட நூலின் பெயரே ‘எல்லாருக்கும் அழகு’ என்று பொருள்படும். அக்காலத்து வசதியான வீடுகளில் கனத்த இருண்ட மரச்சாமான், வெல்வெட் திரை, எந்திரத்தில் வார்த்த போலிச் செதுக்கு வேலை எல்லாம் நிறைந்து கிடந்தன. வசதி குறைந்தவர்கள் அதையே மட்டமான சரக்கில் வாங்கி அடுக்கினார்கள். பயனுக்கு ஒத்துவராத பொருள் அழகாக இருக்க முடியாது, வெளிச்சம் விழும் சுவரும் எளிய மரமும் போதும், அழகு உள்ள வீட்டில் வாழ்பவரின் மனமும் சீர்படும் என்பது கேயின் வாதம்.

அதே 1899-இல் ஓவியர் கார்ல் லார்சன் தம் சூன்ட்போர்ன் வீட்டை நீர்வண்ணத்தில் தீட்டிய படங்களை ‘ஒரு வீடு’ என்ற நூலாகக் கொண்டுவந்தார். பழைய நாற்காலிக்கு வெள்ளையும் சிவப்பும் அடித்து, சன்னலில் பூந்தொட்டி வைத்து, நூல் விரிப்புப் போட்ட அந்த வீட்டின் அழகில் பெரும்பங்கு அவருடைய மனைவி கரின் கைவேலை. துணிகளை நெய்தவரும் சாமான்கள் பலவற்றுக்கு வடிவம் தந்தவரும் அவரே. அந்த வீட்டுக்குப் பணம் அதிகம் வேண்டியிருக்கவில்லை. கைத்திறனும் ஓய்வும்தான் வேண்டியிருந்தன. ஸ்டாக்ஹோமில் ஓர் அறையும் ஒரு சமையலறையும் மட்டுமே உள்ள குடியிருப்பில், பிள்ளைகளோடு வாடகைக்காரரையும் படுக்க வைத்துக் காலம் தள்ளிய பெண்களுக்கு அந்த ஓய்வுதான் கிடைக்காதது.

அந்தக் குடியிருப்பையே நோக்கி 1917-இல் ஒரு கண்காட்சி நடந்தது. 1845 முதல் இயங்கிவந்த சுவீடன் கைத்தொழில் சங்கம், ஸ்டாக்ஹோமின் லில்யேவால்க் கலைக்கூடத்தில் 23 மாதிரி அறைகளைச் சாமான்களோடு அமைத்துக் காட்டியது. எல்லாம் சிறிய வீடுகளுக்கானவை. எல்லாம் ஆலையில் பெருமளவில் செய்யத் தக்கவை. சுவரொட்டி ஓவியராக இருந்து அவ்வாண்டே குஸ்தாவ்ஸ்பெர்க் பீங்கான் ஆலையில் சேர்ந்த வில்ஹெல்ம் கோகே, நீல லில்லிப் பூப்போட்ட ஒரு சாப்பாட்டுத் தட்டு வரிசையை அங்கே வைத்தார். ‘தொழிலாளர் செட்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. விலை குறைவு, பூ நாட்டுப்புறச் சாயல், வடிவம் எளிது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். தொழிலாளர்கள் வாங்கவில்லை. வாங்கியவர்கள் படித்த நடுத்தர வர்க்கத்தார்.

இந்தத் தோல்வியை ரசனைக் குறைவு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் கிராமத்தை விட்டு நகருக்கு வந்து, அந்தக் கிராமத்து வறுமையை மறக்க நினைக்கும் குடும்பத்துக்குக் குடியானவர் வீட்டுச் சாயலில் தட்டு எதற்கு? எளிமையை ரசிக்க, முதலில் எளிமை ஒருவர் தாமே தேர்ந்துகொண்டதாக இருக்க வேண்டும். விருந்தாளி வந்தால் இறக்கி வைக்கப் பொன்விளிம்புத் தட்டு நாலு இருந்தால் அதுதான் கௌரவம். பித்தளையும் எவர்சில்வரும் நம் வீடுகளில் எந்தத் தட்டில் எந்த மதிப்போடு நின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இது புரியாத கணக்கல்ல.

சீர்திருத்தக்காரர்கள் தளரவில்லை. கலைஞரையும் ஆலையையும் இணைக்க ஜெர்மனியில் 1907-இல் தொடங்கிய வெர்க்பண்ட் இயக்கத்தைக் கண்டு பழகிய கலை வரலாற்றாசிரியர் கிரெகோர் பால்சன், 1919-இல் ‘இன்னும் அழகான அன்றாடப் பொருள்’ என்ற சிறுநூலை எழுதினார். தலைப்பே முழக்கமாயிற்று. ஆலைகள் ஓவியர்களை வேலைக்கு வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆலைகள் வைத்தன, ஆனால் 1925 பாரிஸ் கண்காட்சியில் சுவீடனுக்குப் பேர் வாங்கித் தந்தது ஓர்ரெஃபோர்ஸ் ஆலையின் செதுக்கிய கண்ணாடிக் கலம். அது எந்தத் தொழிலாளியின் அலமாரியிலும் ஏறக்கூடிய பொருளல்ல.

1930 மே முதல் செப்டம்பர் வரை நடந்த ஸ்டாக்ஹோம் கண்காட்சி இந்தக் கதையில் பெரிய முழக்கம். குன்னார் அஸ்ப்லுந்த் தலைமைக் கட்டடக் கலைஞர், பால்சன் பொறுப்பாளர். எஃகும் கண்ணாடியும், தட்டைக் கூரையும், இரவில் மின்விளக்கு விளம்பரமுமாக நீர்க்கரையில் ஒரு சிறு நகரமே எழுந்தது. மக்கள்தொகை 60 லட்சத்தைச் சற்றே தாண்டிய நாட்டில் வருகை ஏறத்தாழ 40 லட்சம். புதிய பாணிக்கு ‘ஃபுங்கிஸ்’ என்று செல்லப்பெயரும் வந்தது. மரவேலை வல்லுநர் கார்ல் மால்ம்ஸ்டென் போன்றோர் இதில் சுவீடனின் மரபே காணோம் என்று எதிர்த்தார்கள். அதற்குப் பதில்போல 1931-இல் அஸ்ப்லுந்த், பால்சன் உள்ளிட்ட ஆறு பேர் ‘ஏற்றுக்கொள்’ என்று ஒரு நூல் வெளியிட்டார்கள். மக்களின் விருப்பத்தைக் கேட்காமல் ஏற்றுக்கொள்ளச் சொல்வதில் ஒரு வாத்தியார் தொனி இருந்தது என்பதை மறுக்க முடியாது. 1933-இல் கோகே மீண்டும் முயன்றார். பூவேலை ஏதுமில்லாத, ஒன்றினுள் ஒன்று அடங்கி அலமாரியில் இடம் பிடிக்காத ‘பிராக்டிக்கா’ தட்டுகள் அவை. முழு செட்டாக வாங்கத் தேவையின்றித் தனித்தனியாகவும் கிடைத்தன. அவையும் சரியாக விற்கவில்லை.

மாற்றம் தட்டிலிருந்து தொடங்கவில்லை, வீட்டிலிருந்து தொடங்கியது. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பெர் அல்பின் ஹான்சன் 1928-இல் நாடே மக்களின் வீடாக வேண்டும் என்று பேசினார். அவர் கட்சி 1932-இல் ஆட்சிக்கு வந்தபின் வீடு கட்டுவது அரசின் வேலையாயிற்று. புதிதாக மணமானவர்கள் வீட்டுச் சாமான் வாங்க 1938 முதல் அரசே கடன் தந்தது. மக்கள் வீட்டில் எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது ஒரு வினோதம் தெரிந்தது. இரண்டே அறை உள்ள குடும்பங்கள்கூட ஒன்றை விருந்தாளிக்கென்று துடைத்துப் பூட்டிவைத்து, சமையலறையில் நெருக்கியடித்துப் படுத்துறங்கின. கட்டடக் கலைஞர் எந்த அறையை எதற்கு வரைந்தார் என்பதை யாரும் கேட்கவில்லை.

சமையலறையும் அளவுகோலுக்குத் தப்பவில்லை. 1944-இல் தொடங்கிய இல்ல ஆய்வு நிறுவனம் மேடையின் உயரம், அலமாரியின் ஆழம், பாத்திரம் கழுவும் பெண்ணின் முதுகு வளைவு வரை ஆராய்ந்தது. அந்த ஆய்வுகளின் மேல் நின்றுதான் நாடு முழுவதற்குமான சமையலறை அளவுகள் வகுக்கப்பட்டன. அந்த ஆர்வத்தைக் கிண்டல் செய்து 2003-இல் ஒரு நார்வே படமே வந்தது: ஆய்வாளர் ஒருவர் சமையலறை மூலையில் உயர்ந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தனியாக வாழும் கிழவர் ஒருவரின் நடமாட்டத்தைக் குறிப்பெடுப்பதாகக் கதை. கிண்டல் நியாயமானதே. ஆனாலும் அலமாரிகள் ஒரே அளவுக்கு வந்ததால் ஆலைகள் அவற்றை ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்தது. விலை இறங்கியதும் அப்படித்தான்.

மரச்சாமானில் தடை வேறு. நாற்காலியின் விலையில் மரமும் கூலியும் ஒரு பங்கு என்றால், அதை ஏற்றி அனுப்புவதும் வழியில் உடைவதும் மற்றொரு பங்கு. ஸ்டாக்ஹோமின் பெரிய அங்காடியான என்.கே.-வுக்காக எலியாஸ் ஸ்வெட்பெர்க் 1944-இல் ‘திரிவா’ என்ற வரிசையை வடிவமைத்தார். சாமான் பகுதிபகுதியாகத் தட்டைப் பெட்டியில் வரும். வாங்கியவர் வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். யோசனை முழுதாகக் கைக்கு வந்துவிட்டது. ஆனால் விற்ற இடம் தலைநகரின் பகட்டான கடை.

இங்வார் காம்ப்ராட் இருந்த இடம் வேறு. கல்லும் காடுமான ஸ்மோலாண்ட் பகுதியில், 1943-இல், 17 வயதில் அவர் தொடங்கிய அஞ்சல் வணிகத்துக்குத் தம் பெயரின் முதலெழுத்துகளையும், எல்ம்தாரித் என்ற பண்ணையின் எழுத்தையும், அகுன்னாரித் என்ற ஊரின் எழுத்தையும் சேர்த்து ஐகியா என்று பெயரிட்டார். பேனா, பணப்பை, படச்சட்டம் என்று விற்றவர் 1948-இல் மரச்சாமானுக்கு வந்தார். 1951-இல் முதல் கேட்லாக். அஞ்சலில் மலிவுப் போட்டி முற்றி, சரக்கின் தரத்தை வாங்குபவர் நம்பாமல் போனபோது, தொட்டுப் பார்த்து வாங்கட்டும் என்று 1953-இல் எல்ம்ஹுல்ட் ஊரில் காட்சிக்கூடம் திறந்தார்.

1956-இல் நடந்ததாக ஐகியா சொல்லும் நிகழ்ச்சி இது. கேட்லாக்குக்குப் படம் எடுத்து முடித்தபின் ‘லோவெட்’ என்ற சிறு மேசையைக் காரில் ஏற்ற வேண்டும். இலை வடிவப் பலகை, மூன்று கால்கள். கால்கள் நீட்டிக்கொண்டு நின்றதால் மேசை காருக்குள் போகவில்லை. வடிவமைப்பாளர் கில்லிஸ் லுண்ட்கிரேன் கால்களைக் கழற்றிப் பலகையின் அடியில் வைத்துவிட்டார். நிறுவனங்கள் சொல்லும் பிறப்புக் கதைகளில் கொஞ்சம் மெருகு இருக்கத்தான் செய்யும். கணக்கு மட்டும் மெருகு இல்லாதது. முழு மேசையை அனுப்புவதென்றால் கால்களுக்கு நடுவில் உள்ள காற்றுக்கும் சேர்த்து வண்டிக்கூலி தர வேண்டும். கால் கழன்றால் அதே ரயில் பெட்டியில் பல மடங்கு மேசை ஏறும். கால் முறிந்து திரும்பி வரும் சரக்கும் குறையும். பூட்டும் கூலி வாங்குபவர் தலையில். இதன்பின் வடிவமைப்பின் வரிசையே தலைகீழாயிற்று: எவ்வளவு விலைக்கு விற்க வேண்டும், எந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பது முதலில், மேசையின் வடிவம் அதற்குப் பிறகு.

இப்படிக் கழற்றி அனுப்புவதில் காம்ப்ராட் முதலாமவர் இல்லை, ஸ்வெட்பெர்கும் இல்லை. ஆஸ்திரியப் பேரரசில் மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி அவர்களுக்கெல்லாம் பாட்டன். பீச் மரத் தண்டுகளை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் வளைத்து, காயவிட்டுச் செய்தது. ஆறே துண்டுகள், பத்து திருகாணி, இரண்டு மறை. ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும். பின்னிய பிரம்பு இருக்கையோடு ஐரோப்பாவின் காப்பிக்கடைகளை நிரப்பியது அதுதான்.

பாட்டனும் பேரனும் போலந்தில் சந்தித்தார்கள். குறைந்த விலைக்கு விற்றதால் ஆத்திரம் கொண்ட சுவீடன் வணிகர்கள் ஐகியாவுக்குச் சரக்குத் தரக்கூடாது என்று ஆலைகளை நெருக்கவே, காம்ப்ராட் 1961-இல் போலந்தில் ஆலை தேடினார். அவ்வாண்டு லுண்ட்கிரேன் வரைந்த ‘ஓக்லா’ நாற்காலி தோனெட்டின் வளைமர நாற்காலியை ஒட்டியது. அது உருவானது ராடோம்ஸ்கோவில், 19-ஆம் நூற்றாண்டில் தோனெட் குடும்பமே நிறுவிய ஆலையில். மலிவுச் சரக்கு என்ற ஏளனம் 1964-இல் குறைந்தது. ஒரு சுவீடன் வீட்டு இதழ் ஐகியா சாமான்களை அதிக விலைச் சாமான்களோடு சோதித்து, தரத்தில் சளைத்தவை அல்ல என்று எழுதியது.

மீதியை அரசு செய்தது. 1965 முதல் 1974 வரை பத்து லட்சம் வீடுகள் கட்டுவதென்று நாடாளுமன்றம் முடிவெடுத்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகை 80 லட்சத்துக்கும் கீழே. ஒரே அளவு அறைகள், வெள்ளைச் சுவர், உள்ளே ஒரு சாமானும் இல்லை. அதே 1965-இல் ஸ்டாக்ஹோமின் ஓரத்தில் ஐகியாவின் பெரிய கடை திறந்தது. கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், வாங்குபவர்களையே கிடங்குக்குள் விட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த நெருக்கடி பிறகு முறையாகவே மாறிற்று. 1979-இல் வந்த லுண்ட்கிரேனின் ‘பில்லி’ புத்தக அலமாரி, மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகையின் மேல் மெல்லிய மரத்தோல் போர்த்தியது. கோகேயின் தட்டுகள் போகாத வீடுகளுக்கெல்லாம் அது போயிற்று.

எல்லன் கேய் இதைக் கண்டு மகிழ்ந்திருப்பாரா என்பது வேறு. தலைமுறை தாண்டி நிற்கும் பொருளைத்தான் அவர் தலைமுறை அழகு என்றது. ‘வாங்கு, தேய், வீசு’ என்று வடிவமைப்பாளர் லேனா லார்சன் 1960 வாக்கில் எழுதிய கட்டுரை பெரிய சண்டையையே கிளப்பியது. பிள்ளைகள் குதித்து விளையாட வேண்டிய வீட்டில் பெற்றோர் ஏன் சாமானுக்குக் காவல் இருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. வீசப்படும் சாமான் எங்கே போய்க் குவியும் என்ற கேள்வி பின்னால் வந்தது.

இந்தியாவுக்கு இந்த வரலாறு முதலில் துணியாகத்தான் வந்தது. கரூரின் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியாளர்களிடம் திரைச்சீலையும் சமையலறைத் துண்டும் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களில் ஐகியாவும் ஒன்று. கடை வந்தது 2018 ஆகஸ்டில், ஹைதராபாதில். 7,500 வகைப் பொருள்கள், அவற்றில் 1,000 வகை 200 ரூபாய்க்கும் கீழே என்று அறிவித்தார்கள். ஒன்றை மட்டும் இங்கே மாற்ற வேண்டியிருந்தது. கூப்பிட்டால் தச்சர் வீட்டுக்கே வரும் நாட்டில், பெட்டியைப் பிரித்துத் தாமே திருகிப் பூட்ட எத்தனை பேர் உட்காருவார்கள்? ஆகவே பூட்டித் தர ஆள் அனுப்பும் சேவையையும் கடை ஏற்பாடு செய்தது. பெட்டியோடு வரும், திருகாணி முடுக்கும் சிறிய ஆலன் கீ, பல வீடுகளில் கூலிக்கு வந்த தச்சர் கையில் போய்ச் சேர்ந்தது.