கைக்குட்டையும் திருமணமும்: வங்காளத்து ருமாலும் தமிழகத்து உருமாலும்

முன்னுரை

தென் கொல்கத்தாவில் ரவீந்திர சரோவர் ஏரிக்குத் தெற்கே லேக் கார்டன்ஸும் வடக்கே லேக் மார்க்கெட்டும் அமைந்துள்ளன. வங்காளிகளுடன் தமிழ்க் குடும்பங்களும் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் வட்டாரம் இது. வங்காளி கைக்குட்டையை ‘ருமால்’ என்பார். தமிழரோ தலையில் கட்டும் துணியை ‘உருமால்’ என்பர். முகம் எனப் பொருள்படும் ‘ரூ’, துடைத்தலைக் குறிக்கும் ‘மால்’ என்பன இணைந்த பாரசீகச் சொல்லே இவ்விரண்டிற்கும் மூலமாகும். முகம் துடைக்கும் இத்துணி திருமணத்தில் பெறும் பொருள்மாற்றத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வணிகத்தில் கைக்குட்டை

17, 18ஆம் நூற்றாண்டுகளில் காசிம்பஜார் வட்டாரத்துப் பட்டுக் கைக்குட்டைகள் கல்கத்தா வழியாக ஐரோப்பா சென்றன. துணியை ஆங்காங்கே முடிந்து சாயமேற்றியதால், ‘கட்டுதல்’ எனும் பொருளுடைய வடநாட்டு வினையடியிலிருந்து ‘பந்தனா’ என்னும் பெயர் தோன்றியது. இந்தியப் பட்டாடைகளை உள்நாட்டில் உடுத்துவதை 1700ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்து தடுத்த பின்னரும், இக்கைக்குட்டைகள் கள்ளத்தனமாக அங்கு விற்கப்பட்டன. கும்பினி ஆவணங்கள் இவற்றை உருப்படிக் கணக்கில் பதிந்துள்ளன.

சீர்ப்பொருளாகக் கைக்குட்டை

அக்கணக்கில் இடம்பெறாத கைக்குட்டை ஒன்று வங்காள இல்லங்களில் உருவாயிற்று. அதுவே ‘ருமால் காந்தா’ ஆகும். பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலால் பெண்கள் தைத்த சிறு சதுரத் துணி அது. நடுவில் தாமரை அமையும். இவ்வகைக் காந்தாக்கள் திருமண அன்பளிப்பாகவும் வழங்கப்பெற்றன. கொல்கத்தாவை அடுத்த ஜோகாவிலுள்ள குருசதய் தத் அருங்காட்சியகத்தின் காந்தாத் தொகுப்பு இக்கலைக்குச் சிறந்த சான்றாகும்.

இமாசலப் பிரதேசத்துச் சம்பா ருமாலும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஓவியர் கோடிட்டுத் தர, பெண்கள் இருபுறமும் ஒரே தோற்றம் தருமாறு பூவேலை செய்தனர். மணமக்களின் இரு வீட்டாரும் பரிமாறிக்கொண்ட சீர்த்தட்டுகளை இவை மூடின. இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது.

மறைத்தலும் கட்டுதலும்

வங்காள முஸ்லிம் திருமணங்களில் மணமகன் கைக்குட்டையால் வாயை மறைத்து அமர்ந்திருப்பது மரபு; நாணமும் அடக்கமும் அதனால் உணர்த்தப்பட்டன. கொங்கு நாட்டிலோ மணமகனுக்குத் தலைப்பாகை கட்டுவது ‘உருமால் கட்டு’ எனத் தனிச் சீராகவே அமைந்துள்ளது. ஓரிடத்தில் முகத்தை மறைக்கும் துணி, மற்றோரிடத்தில் தலைக்குப் பெருமையாகிறது. இரண்டிலும் துடைத்தல் என்னும் மூலப்பொருள் மறைந்துவிட்டமை குறிப்பிடத்தக்கது.

கைக்குட்டையைப் பரிசளித்தால் பிரிவு நேரும் என்ற நம்பிக்கை தமிழரிடமும் வங்காளிகளிடமும் உண்டு. கண்ணீர் துடைக்கும் துணி என்பதே அதற்குக் காரணமாகலாம். ஆயினும் அதே துணி, பூவேலை பெற்றோ தலையில் கட்டப்பெற்றோ வரும்போது மங்கலப் பொருளாக ஏற்கப்படுகிறது. எனவே துணியைக் காட்டிலும் அதன் பயன்பாடே மங்கலத்தையும் அமங்கலத்தையும் வரையறுக்கிறது எனலாம்.

முடிவுரை

கைக்குட்டையின் வரலாற்றை ஏற்றுமதிக் கணக்குகளைக் கொண்டு மட்டும் எழுதினால் அதன் பாதி வரலாறே கிட்டும். விலைபேசப்படாமல் மணவீட்டிற்குச் சென்ற ருமால்களில் தைத்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை. அவர்தம் உழைப்பிற்கு அத்துணிகளே ஆவணமாகும். அருங்காட்சியகத் துணிகளையும் வட்டார மணச்சடங்குச் சொற்களையும் இணைத்து ஆராய்வதே மறுபாதியை மீட்கும் வழியாகும்.