மகளிர் 800 மீட்டர் ஓட்டம்

மகளிர் 800 மீட்டர் ஓட்டம் என்பது 400 மீட்டர் தடத்தை இருமுறை சுற்றி ஓடும் நடுத்தொலைவுத் தடகளப் போட்டியாகும். முதல் வளைவு முடியும் வரை ஒவ்வொருவரும் தமக்குரிய தடத்திலேயே ஓட வேண்டும். அதன் பின்னரே உட்புறத் தடத்திற்கு வரலாம். செக்கோசிலோவாக்கியாவின் யார்மிலா கிராட்டோக்விலோவா 1983இல் ஓடிய 1 நிமிடம் 53.28 வினாடி என்பதே இன்றளவும் உலக சாதனை. பெண்ணால் எவ்வளவு இயலும், யாரைப் பெண்ணென ஏற்பது என்னும் இரு கேள்விகளும் இப்போட்டியைத் தொடர்ந்து வந்துள்ளன.

ஒலிம்பிக்கில்

1896 ஏதென்சு ஒலிம்பிக்கில் பெண்கள் எவரும் பங்கேற்கவில்லை. பிரான்சின் அலிசு மிலியா பெண்களுக்கெனத் தனிப் போட்டிகளை நடத்தி அழுத்தம் கொடுத்த பின்னரே, 1928 ஆம்சுடர்டாமில் மகளிர் தடகளம் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு 800 மீட்டரில் செருமனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் வென்றார்; சப்பானின் கினுயே இட்டோமி இரண்டாவதாக வந்தார். ஓடியவர்கள் வரிசையாக மயங்கி விழுந்ததாக நாளிதழ்கள் எழுதின. உண்மையில் சிலர் களைத்துச் சாய்ந்தனர், அவ்வளவே. ஆண்களும் அவ்வாறு சாய்வதுண்டு; அதற்காக அவர்களின் போட்டி நிறுத்தப்பட்டதில்லை. பெண்களுக்கோ 1960 உரோம் ஒலிம்பிக் வரை இப்போட்டி மறுக்கப்பட்டது.

இந்தியாவில்

ஆசிய விளையாட்டுகளில் கீதா சூட்சி (1978), சோதிர்மயி சிக்தார் (1998), பீனாமோள் (2002) ஆகியோர் தங்கம் வென்றனர். கேரளத்தின் சைனி ஆபிரகாம் 1984 லாசு ஏஞ்சலசில் அரையிறுதி வரை சென்றார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில், முன்னணியில் ஓடியும், உரிய இடத்திற்கு முன்பே தடம் மாறியதால் தகுதியிழந்தார்.

சாந்தி சௌந்தரராசன்

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்த சாந்தி, 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வென்றார். அடுத்து நடத்தப்பட்ட பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என அறிவிக்கப்பட்டுப் பதக்கம் பறிக்கப்பட்டது. கட்டாயப் பாலினச் சோதனையைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 1999இலேயே கைவிட்டிருந்தது. எனினும் ஐயம் எழுந்தால் சோதிக்கும் வழக்கம் நீடித்தது. மருத்துவர்க்கும் அவருக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய செய்தி தொலைக்காட்சிகளில் ஓடியது. இங்கு நினைவிற் கொள்ள வேண்டியது, ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எதுவும் அவர்மீது இல்லை என்பதாகும்.

தமிழக அரசு 15 இலட்சம் ரூபாய் பரிசளித்தது. அவர் புதுக்கோட்டையில் சிறுவர்களுக்குப் பயிற்சியளித்தார். பின்னர் சூளையில் கூலி வேலைக்கும் செல்ல நேர்ந்தது. பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் பெற்றபின் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். பதக்கம் திரும்ப வழங்கப்படவில்லை.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019இல் அதே தோகாவில் ஆசியத் தடகளத் தங்கம் வென்று, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி அதை இழந்தார். இரு நிகழ்வுகளையும் ஒன்றாகப் பேசுவது பிழை: பின்னது விதிமீறல், முன்னது பிறவி உடலமைப்பு.

விதிகள்

ஒடிசாவின் துத்தி சந்து தொடுத்த வழக்கில், இயற்கையாக மிகும் ஆண்மை இயக்குநீர் பற்றிய விதியை விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2015இல் நிறுத்தி வைத்தது. 2018இல் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்குப் புதிய வரம்பு வந்தது. இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்ற தென்னாப்பிரிக்காவின் காசுட்டர் செமன்யா அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2019இல் தள்ளுபடியானது. 2025 செப்டம்பர் முதல், உலகத் தரவரிசைக்குரிய மகளிர் போட்டிகளில் ஓட விரும்பும் ஒவ்வொருவரும் ஒருமுறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என உலகத் தடகள அமைப்பு விதித்துள்ளது.