முதுமையில் மணவிலக்கும் பொருட்கணக்கும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவற்றைக் குடவோலை முறைக்குச் சான்றாகவே பலரும் எடுத்துரைப்பர். நம் நெஞ்சைத் தொடுவது அவற்றில் உள்ள மற்றொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். பொன்னைக் கவனிக்கத் தனியே ஒரு வாரியமும் அங்கே இருந்தது. அந்தணர் சபைக்கு எழுதப்பட்ட விதிகள் அவை; பெண்டிருக்கு அவற்றில் இடமில்லை. ஆயினும், பிறர் பொருளைக் கையாண்டவன் கணக்குக் காட்டியே ஆகவேண்டும் என்ற அறம் எல்லார் இல்லத்துக்கும் பொதுவானதன்றோ?

அந்தக் கணக்கு இல்லத்துக்குள் கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு. அது மணவிலக்கு நாள். இளமையில் நேர்ந்தால் தந்தை வீடும் உடல் வலிமையும் துணைநிற்கும். அறுபதைக் கடந்தவளுக்கு என்ன துணை?

இந்தூரைச் சேர்ந்த ஷா பானு பேகத்தின் வழக்கு இவ்வினாவை நாடு முழுவதும் எழுப்பியது. 1932 இல் வழக்கறிஞர் ஒருவரை மணந்த அவர் ஐந்து மக்களுக்குத் தாயானார். 1975 இல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1978 இல் ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றம் சென்றார். அவ்வாண்டு நவம்பரில் கணவர் தலாக் கூறினார். அப்போது அம்மூதாட்டிக்கு வயது 62. மஹர் என்று 3000 ரூபாயை நீதிமன்றத்தில் செலுத்தியதோடு தம் கடமை முடிந்தது என்றார் கணவர். மாஜிஸ்திரேட் விதித்த தொகை மாதம் 25 ரூபாய். உயர்நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985 ஏப்ரல் 23 இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அதன்பின் எழுந்த வாதப் போரை நம் குடும்பங்கள் மறந்திரா. 1986 இல் தனிச்சட்டம் வந்தது. மஹர், திருமணத்தின்போதும் முன்னும் பின்னும் பெண்ணுக்கு அளிக்கப்பட்ட பொருள்கள், நியாயமான வாழ்க்கை ஏற்பாடு ஆகியவை அவளுக்குரியவை என்று அது கூறியது. தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவளை முதலில் மக்களும், பின்னர் பெற்றோரும் பிற வாரிசுகளும், யாருமில்லையேல் வக்ஃபு வாரியமும் தாங்கவேண்டும் என்றது. தமிழ்நாடு வக்ஃபு வாரியம் தொடர்பான வழக்கில், உறவினர்மீது ஒருவர்பின் ஒருவராக வழக்காடி அலையாமல், அவர்களால் இயலாது என்பதை ஒரே வழக்கில் நிறுவி வாரியத்திடம் கேட்கலாம் என 1996 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2001 இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் மேலும் தெளிவு பிறந்தது. ஏற்பாட்டை இத்தா காலத்துக்குள் செய்துவிட வேண்டும். ஆனால் அது இத்தாவுக்குப் பிந்திய வாழ்வுக்கும் போதுமானதாக இருக்கவேண்டும். மாதவிலக்கு நின்ற மூதாட்டிக்கு இத்தா மூன்று பிறை மாதங்களே. அதற்குள் கேட்கவேண்டியதைக் கேட்கக் கையில் கணக்கு வேண்டும். பொதுச் சட்டத்தின் வழியிலும் மணவிலக்கான முஸ்லிம் பெண் ஜீவனாம்சம் கோரலாம் என்று 2024 ஜூலை 10 இல் உச்சநீதிமன்றம் உரைத்துள்ளது.

சட்டம் வழி காட்டும். பொருளுக்குச் சான்று தேடித் தராது. ரூபாயில் எழுதிய மஹர் நாற்பது ஆண்டுகளில் தேய்ந்துபோகிறது. பவுனில் எழுதியது நிற்கிறது. மணநாளில் பூட்டிய நகை எவர் தந்தது, பின்னர் எதற்காக விற்கப்பட்டது என்று எழுதிவைத்த குடும்பங்கள் எத்தனை? இருவரும் உழைத்து எழுப்பிய வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்தால், உரிமையும் அவருடையதாகவே கருதப்படும். மனைவிக்கென்று வாயால் சொன்ன ஹிபா, உடைமையை ஒப்படைக்காதவரை நிறைவேறாது.

இன்னொன்றையும் எண்ணவேண்டும். மக்கள் உள்ள கணவர் இறந்தால் மனைவிக்குரியது எட்டில் ஒரு பங்கு. மணவிலக்காகி இத்தாவும் முடிந்தவளுக்கு அந்தப் பங்கு இல்லை. முதுமை மணவிலக்கில் மறைந்துபோகும் பெருஞ்செல்வம் இதுவே.

உத்திரமேரூர் வட்டாரம் ஏரிப் பாசனத்தால் நெல் விளையும் பூமி. இங்கே செல்வம் என்றால் நிலம். 1937 ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949 இல் சென்னை மாகாணம் திருத்தம் செய்து அந்நிலத்தையும் உட்படுத்தியது. ஆகவே தந்தையின் வயலில் மகளுக்கும் பங்குண்டு. சகோதரனின் பங்கில் பாதியேயாயினும் அது அவளுடையது. ‘அண்ணன் உழுகிறான், இருக்கட்டும்’ என்று விட்டுவைத்த அந்தப் பங்குதான், முதுமையில் கதவு அடைபடும்போது அவளுக்குக் கஞ்சி வார்க்கக் கூடியது. பட்டாவில் அவள் பெயர் இருக்கிறதா என்று இன்றே பார்ப்பது உறவை முறிப்பதாகாது. உறவுக்குக் கணக்குக் காட்டுவதாகும்.

மணவிலக்கானவர்களுக்கு நன்முறையில் பொருளுதவி செய்வது இறையச்சமுடையோர் கடமை என்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 241 ஆம் வசனம். ஷா பானு வழக்கில் வாதிடப்பட்டதும் இவ்வசனமே. அதன் பொருளைப் பற்றி அறிஞர் வாதிடட்டும். நாற்பதாண்டு அடுப்பில் வெந்த கை வெறுங்கையாய் வெளியேறலாகாது என்பதில் நம்மிடையே வாதம் வேண்டுமா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஊர்ப் பொருளுக்குக் கல்லில் கணக்குக் கேட்டார்கள். நம் வீட்டுப் பொருளுக்கு ஒரு தாளிலேனும் நாம் கணக்கு எழுதிவைப்போமாக.