துறையில்லாக் கரையில் படகணைத்தல்

நீர்வேலி கடற்கரை ஊரன்று. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், செம்மண்ணும் வாழைத்தோட்டங்களுமாக விளங்கும் அவ்வூரின் கிழக்கே வயல்வெளி தாழ்ந்து சென்று, வலிகாமத்தின் கிழக்கெல்லையிலுள்ள கடனீரேரியை அடைகிறது. வடக்கே தொண்டைமானாற்றில் கடலோடு கலக்கும் அந்த நீர்வழியை, உப்பேற்ற வரும் மரக்கலங்களுக்காகக் கருணாகரத் தொண்டைமான் என்னும் சோழப் படைத்தலைவன் வெட்டுவித்தான் என்பது கர்ணபரம்பரை. கதை எவ்வாறாயினும், அலை எட்டாத உள்நீரைக் கடலோடிகள் எத்துணை விரும்பினர் என்பது அதனால் விளங்கும்.

விரும்பியதற்குக் காரணம் யாழ்ப்பாணக் குடாநாட்டு வடகரையின் அமைப்பே. மயிலிட்டி முதல் பருத்தித்துறை வரை, கரையை ஒட்டி முருகைக்கற்பார், அதாவது பவளப்பூச்சிகளின் கூடுகளால் உருவான கற்படுகை, நீருக்குள் மறைந்து கிடக்கிறது. பெரிய பாய்க்கப்பல்கள் ஆழ்நீரிலேயே நங்கூரமிட்டு நிற்க, சரக்கு வள்ளங்களில் இறக்கப்பட்டது. சிறு படகுகளோ பாரை ஊடறுத்துச் செல்லும் ஒடுங்கிய நீர்வழியால் கரை சேர்ந்தன. இந்த வழியை மீனவர் ‘வான்’ என்பர்.

கடலோட்டத்தின் பெருமையைப் பேசும் நூல்கள் படகணைக்கும் கலையை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. பெருங்குறை இது, ஏனெனில் புதியவன் தடுமாறுவது நடுக்கடலிலன்று, கரைக்கு அண்மையிலேதான். பாயை முன்கூட்டியே இறக்காதவனின் படகு, வேகம் தணியாமல் கல்லில் மோதும். வேகத்தை முற்றாக இழந்தவனின் படகோ சுக்கானுக்குக் கட்டுப்படாமல் அலைக்குக் குறுக்காகத் திரும்பிக் கவிழும். ஆகவே பின்புறத்திலிருந்து நங்கூரத்தைப் போட்டு, அதன் கயிற்றை ஒருவர் கைப்பிடி கைப்பிடியாக இளக்கிக் கொடுக்க, அணியத்தில் (படகின் முன்முனையில்) நிற்பவர் நீண்ட கம்பை ஊன்றி அடிநிலத்தின் ஆழமறிய, படகு கரையை நோக்கியபடியே மெல்ல நகர வேண்டும். கயிறு இறுகியிருக்கும்வரை அலை படகைத் திருப்பிவிட முடியாது. காற்றின் பருவமும் அறியப்பட வேண்டியதே: வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று அலையை நேரே வடகரைமேல் செலுத்துவதால் அக்காலம் கடினமானது, தென்மேற்கிலிருந்து வரும் சோழகமோ நிலத்தின் மேலாக வருவதால் அலை தணிந்திருக்கும், ஆயினும் கரையை நெருங்கும் படகை அது கடலுக்கே தள்ளும்.

இத்தகைய கரையில் தேர்ந்தவர்களே வல்வெட்டித்துறை மாலுமிகள். அவ்வூரில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் வாங்கியபின், அவ்வூர் மாலுமிகளுடன் அது பயணஞ்செய்து, 1938 ஆகஸ்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. கற்பாரும் வாடையும் பழகிய அம்மாலுமிகளுக்கு, அங்கே கப்பலை நேரே பக்கமாக அணைத்துக் கட்டும் இறங்குதுறை இருந்தது.