ரெடோண்டா: எச்சத்துக்காக வெட்டப்பட்ட தீவு

கரீபியன் கடலில் நெவிஸ், மான்செராட் தீவுகளுக்கு நடுவே செங்குத்தாக எழுந்து நிற்கும் எரிமலைப் பாறை ரெடோண்டா. நீளம் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். உயரம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஊற்று கிடையாது, படகு ஒதுங்க நல்ல துறையும் கிடையாது. 1493 நவம்பரில் இவ்வழியே சென்ற கொலம்பஸ், கரையிறங்காமலே இதற்குப் பெயர் மட்டும் சூட்டினார். ரெடோண்டா என்றால் ஸ்பானிய மொழியில் 'உருண்டையானது'.

ஆளில்லாத இந்தப் பாறையில் கடற்பறவைகள் காலங்காலமாகக் கூடு கட்டின. அவற்றின் எச்சம் அடுக்கடுக்காகப் படிந்தது. அதிலிருந்து கசிந்த பாஸ்பேட், எரிமலைப் பாறையோடு வினைபுரிந்து கனிமமாக இறுகியது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வயல்களுக்கு உரம் தேவைப்பட்டபோது அந்த எச்சத்துக்கு விலை வந்தது. 1860-களில் சுரங்க வேலை தொடங்கியது. 1872-இல் பிரிட்டன் தீவைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்து ஆன்டிகுவாவுடன் இணைத்தது.

வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மான்செராட்காரர்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் இங்கே தங்கி, மழைநீரைத் தொட்டிகளில் பிடித்துக் குடித்து, பாறையை வெட்டினார்கள். வெட்டியது கம்பிவடத்தில் தொங்கும் வாளிகளில் ஏறி, மலையுச்சியிலிருந்து கடற்கரைக்கு இறங்கியது. உச்சக்கட்டத்தில் ஆண்டுக்கு 7,000 டன் வரை கப்பலேறியது. முதல் உலகப் போர் ஏற்றுமதியை முடக்கியது. காவலுக்கு எஞ்சியிருந்த சிலரின் கட்டடங்களையும் 1929-இல் வீசிய புயல் நொறுக்கியது.

மனிதர் போனபின்னும் அவர்களோடு வந்த ஆடுகளும் கருப்பு எலிகளும் தங்கிவிட்டன. ஆடுகள் துளிரைக்கூட விடாமல் மேய்ந்தன. மண் கடலில் சரிந்தது. எலிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் பல்லிகளையும் தின்றன. கடைசியில் ஆடுகளே தீனியின்றி எலும்பும் தோலுமாயின.

2016-இல் மீட்புப் பணி தொடங்கியது. ஆடுகளைப் பிடித்து ஹெலிகாப்டரில் ஆன்டிகுவாவுக்குக் கொண்டுசென்றார்கள். ஆயிரக்கணக்கான எலிகளை நச்சுத்தீனி வைத்து ஒழித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் மொட்டைப் பாறையில் புல்லும் புதரும் தழைத்தன. உலகில் வேறெங்கும் இல்லாத ரெடோண்டாவின் கன்னங்கரிய தரைப்பல்லி பல மடங்கு பெருகியது.

2023-இல் தீவும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்து ஏறத்தாழ 30,000 ஹெக்டேர் பரப்பு காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் கொண்ட கடல்தான். கரையேறும் படகில் ஓர் இணை எலி ஒளிந்திருந்தாலும் போதும், மீட்டதெல்லாம் மறுபடி பறிபோகும். எனவே காவல் இனிமேலும் ஓயாது.