வழியில் இருப்பவரின் வாக்கு

நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலுக்குப் பேர் போனவை; திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு. லாரியோடு போகும் ஓட்டுநரும் கிளீனரும் வீடு திரும்ப வாரக்கணக்காகும். ரிக் தொழிலாளர் மாதக்கணக்கில் வட மாநிலங்களில் தங்கிவிடுவர். வாக்குப்பதிவு நாளில் இவர்களில் பலரின் பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். ஊரில் இல்லாதவரின் வாக்கை நம் தேர்தல் முறைகள் எவ்வாறு கருதி வந்தன என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

முதலாம் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். குடத்தைச் சபையோர் காண உயர்த்திக் காட்டவேண்டும்; ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கவேண்டும். அன்று ஊரில் இருந்த நம்பிமார் ஒருவர் விடாமல் சபையில் அமரவேண்டும் என்றும் கல்வெட்டு விதிக்கிறது. இது வாக்களிப்பு அன்று, சீட்டெடுப்பே. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம்: எல்லோர் கண்முன்னும் நடப்பதே அங்கே பாதுகாப்பு. ஊரில் இல்லாதவருக்கு அதில் இடமில்லை.

ஆயிரமாண்டு கழித்து வந்த குடியரசு, இல்லாதவருக்கும் ஒரு வழி திறந்தது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளும் படைவீரர், தேர்தல் பணியாளர் முதலியோருக்கு அஞ்சல் வாக்கு தந்தன. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவரும் அப்பட்டியலில் உண்டு.

இம்முறையின் நுட்பம் உறைகளில் இருக்கிறது. குறியிட்ட வாக்குச்சீட்டு உள்ளுறைக்குள் ஒட்டப்படும். சான்றொப்பம் பெற்ற உறுதிமொழி அதற்கு வெளியே தனித்தாளாக நிற்கும். இரண்டும் வெளியுறைக்குள் செல்லும். எண்ணும் நாளில் முதலில் உறுதிமொழியைச் சரிபார்த்து, பிறகே உள்ளுறையைப் பிரிப்பர். வாக்களித்தவர் யார் என்பது தெரியும். யாருக்கு என்பது தெரியாது. எண்ணிக்கை தொடங்குமுன் வந்து சேராத உறை செல்லாது. தொலைவிலுள்ள படைவீரருக்கு இதனால் நேர்ந்த தாமதத்தைக் குறைக்கவே, 2016இல் வெற்றுச்சீட்டை மின்வழி அனுப்பும் ஏற்பாடு வந்தது.

வாசல் மேலும் அகன்றது. 2019இல் விதிகள் திருத்தப்பட்டன. 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழகத்தில் 80 வயது கடந்தோரும் மாற்றுத்திறனாளிகளும் வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே வீட்டிலிருந்து வாக்களித்தனர். 2024இல் அவ்வயது வரம்பு 85ஆக உயர்த்தப்பட்டது.

நம் சேலத்தின் பெயரையே கொண்ட ஒரு நகரம் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத் தலைநகராக உள்ளது. அம்மாநில மக்கள் 1998இல் பொதுவாக்கெடுப்பின்மூலம் அஞ்சல் வாக்கை எல்லோருக்கும் உரிய முறையாக்கினர். சீட்டு வாரங்களுக்கு முன்னரே வீடு வந்துவிடும். அஞ்சலில் அனுப்பலாம், பொது இடங்களில் வைக்கப்படும் பெட்டியிலும் இடலாம். உறைமேலிட்ட கையெழுத்தைப் பதிவிலுள்ளதோடு ஒப்பிட்டே ஏற்பர். அங்கே ஒருவர் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே அக்கேள்விதான் அனைத்தையும் தீர்மானிக்கிறது. அரசு அனுப்பியதால் வெளியூரில் இருப்பவருக்கு உறை உண்டு. அரசே அடைத்து வைத்தவருக்கும் உண்டு. பிழைப்பு அனுப்பியதால் நாக்பூர்ச் சாலையில் நிற்கும் லாரி ஓட்டுநருக்கு இல்லை. புலம்பெயர்ந்தோருக்கெனத் தொலைவாக்கு இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 சனவரியில் கட்சிகளின்முன் வைத்தது. பல கட்சிகள் ஐயம் எழுப்பவே அது நடைமுறைக்கு வரவில்லை.

ஐயங்களை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. சாவடியின் மறைவிடத்தில் அதட்ட ஆளில்லை. வீட்டிலோ முதலாளியின் பட்டறையிலோ குறியிடும் சீட்டுக்கு அக்காவல் இல்லை. எனினும் படைவீரரின் உறையை நம்பிய ஒரு நாட்டுக்கு அக்காவலை அமைப்பது இயலாததன்று. முட்டையும் எரிவாயுவும் தடையின்றி வந்து சேர்வதற்காக ஊரைவிட்டு நிற்பவரை, அவ்வூரின் தேர்தல் இன்னும் வராதவர் என்றே கணக்கெழுதுகிறது. அவர் வராதவரல்லர், வழியில் இருப்பவர்.