வகுப்பறையிலிருந்து நூலகத்திற்கு

பள்ளியில் நூலகம் எங்கே இருக்க வேண்டும்? அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1899-இல் ஒரு பள்ளிக்கான திட்டப்படத்தை விளக்கினார். அதில் பட்டறை, நெசவறை, சமையலறை, உணவறை ஆகியவை நான்கு மூலைகளிலும் இருந்தன. நடுவில் நூலகம் இருந்தது. கைவேலையின்போது எழும் ஐயங்களை மாணவர் அங்கே கொண்டுவந்து, நூல்களின் துணையுடன் ஆராய வேண்டும் என்பது அவர் கருத்து. வினா எழுப்பிக் கற்றல் என்று நாம் இன்று கூறுவதும் இதுவேயாகும்.

இக்கருத்து நம் நாட்டில் வேரூன்றப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் ஒரு கணித ஆசிரியர். அவரே சீ. இரா. அரங்கநாதன்.

ஆசிரியர் நூலகரானார்

சீர்காழியில் 1892-இல் பிறந்த அரங்கநாதன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1917 முதல் மங்களூர், கோவை, சென்னை ஆகிய இடங்களில் கற்பித்தார். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார்.

வகுப்பறையின் கலகலப்புக்குப் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை பொறுக்கவில்லை. சில நாள்களிலேயே கல்லூரிக்குத் திரும்ப விரும்பினார். ‘இலண்டன் சென்று நூலகவியல் பயின்று வாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பலாம்’ என்று ஏற்பாடாயிற்று. அங்கே குழந்தைகளும் தொழிலாளரும் உரிமையோடு நுழைந்து படிக்கும் நூலகங்களைக் கண்டார். நூலகமும் ஒரு வகுப்பறையே என்று தெளிந்து 1925-இல் தாயகம் திரும்பினார். கல்லூரிப் பணிக்குத் திரும்பும் எண்ணம் அதன்பின் எழவில்லை.

பொம்மைக் கடை தந்த விடை

அக்காலத்தில் நூல்களை வகைப்படுத்த மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை பரவலாக வழங்கியது. (இவர் வேறு, ஜான் டூயி வேறு.) அதில் பொருள்களுக்கு முன்னரே எண்கள் குறிக்கப்பட்டிருந்தன. புதிய பொருள் தோன்றினால் அதற்கு இடம் காண்பது கடினம்.

இலண்டன் கடையொன்றில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுப் பொருளை அரங்கநாதன் கண்டார். அதே சில தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு பல பொம்மைகளைச் செய்ய முடிந்தது. பொருள்களையும் இவ்வாறே இணைக்கலாமே! ‘திருநெல்வேலியில் நெற்பயிர் நோய்’ என்பதை நெல், நோய், திருநெல்வேலி எனப் பிரித்து, முக்காற்புள்ளியால் கோக்கலாம். முக்காற்புள்ளியே திருகாணி. இவ்வாறு பிறந்த கோலன் பகுப்பு முறை 1933-இல் நூலாக வெளிவந்தது.

ஐந்து விதிகள்

நூலகப் பணிகள் அனைத்துக்கும் அடிப்படையான விதிகள் எவை? 1928-இல் இவ்வினாவில் மூழ்கியிருந்த அரங்கநாதனுக்கு அவருடைய கணிதப் பேராசிரியர் ராஸ் முதல் விதியை எடுத்துக் கொடுத்தார். அது ‘நூல்கள் பயன்படுத்துவதற்கே’ என்பதாகும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தைக் காப்பாற்றுக. நூலகம் வளரும் உயிரி. இவை ஏனைய நான்கு. 1931-இல் இவ்விதிகள் நூல் வடிவம் பெற்றன.

நாங்குநேரியில் ஒரு வினா

இவ்விதிகளைப் பள்ளியில் பொருத்திப் பார்ப்போம். ‘நம் ஊர்ப்பெயரில் ஏரி ஒலிக்கிறதே, ஏன்?’ என்று நாங்குநேரி மாணவர் ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். ஊரார் நான்கு ஏரிகளைக் காரணம் காட்டுவர். இதை விடையாக ஏற்காமல், ஆய்வதற்குரிய கருத்தாகக் கொள்வதே முதற்படி.

இலக்கிய அடுக்கில் நம்மாழ்வார் பாசுரங்கள் உள்ளன. அவர் இத்தலத்தைச் சிரீவரமங்கலநகர் என்கிறார். ஏரி அங்கே ஒலிக்கவில்லை. வரலாற்று அடுக்கில், 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு பற்றிய நூல் கிடைக்கலாம். அப்படியானால் இன்றைய பெயர் எப்போது வழக்கில் வந்தது? வினா கூர்மையடைகிறது. அடுத்து நிலப்படத்தை விரித்துக் குளங்களையும் கால்வாய்களையும் எண்ண வேண்டும். பின்னர் நேரில் சென்று பார்க்க வேண்டும். பாடநூல் ஒன்றே கையிலிருந்தால் இத்தனை வழிகள் திறக்குமா?

இங்கே ஆசிரியரின் பணி விடை கூறுவதன்று. அடுத்த நூலைக் காட்டுவதாகும். இப்பணிக்குப் பயிற்சி வேண்டும் என்பதை அரங்கநாதன் உணர்ந்திருந்தார். சென்னை நூலகச் சங்கம் 1929-இல் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. பள்ளி, கல்லூரி நூலகங்கள் பற்றி அவர் 1942-இல் தனி நூலே எழுதினார். 1948-இல் விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முறையாகச் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியதிலும் அவர் உழைப்பு உண்டு.

பள்ளி நூலகப் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியர் ஒருவருக்குக் கூடுதல் வேலையாகவே அளிக்கப்படுகிறது. நூல் தொலைந்தால் தாம் ஈடுகட்ட நேருமே என்ற அச்சத்தில் அவர் அலமாரியைப் பூட்டி வைக்கிறார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. தேய்வதும் கிழிவதும் பயன்பாட்டின் விளைவே என்று ஏற்கும் விதிமுறையும், வாரந்தோறும் ஒரு நூலகப் பாடவேளையும் அவருக்குத் தேவை. அவை கிடைத்தால் அலமாரியின் சாவியை மாணவரிடமே தரலாம். முதல் விதி கேட்பதும் அதுவே.